துர்சுனை அனுப்பிவை

அக்பெல் கோட்டை,
ரஜப் மாதம், முதல் வெள்ளி.

அன்புத் தங்கை அய்பிகேவுக்கு அண்ணன் சுங்குர் எழுதுவது. இறைவன் அருளால் இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தையும், மாப்பிள்ளை அமீர் பலபானின் சுகத்தையும், கராசாஸ் கோட்டையில் உள்ள அனைவரின் சுகத்தையும் அறிய ஆவல்.

பனி இந்த வருடம் லேசில் விடவில்லை. கணவாய் திறந்ததும் முதல் வேலையாக இத்ரீஸைக் கோவேறு கழுதையோடு உன்னிடம் அனுப்புகிறேன். இரண்டு தோற்பையில் திராட்சைப் பாகும் உலர்ந்த அத்தியும் இருக்கின்றன. உன் வீட்டுக்காரர் பார்க்குமுன் அத்தியை ஒளித்துவை.

ஒரு நல்ல சேதி. கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து உன் அண்ணி தெவ்லத் உண்டாகியிருக்கிறாள். துல்ஹஜ் மாதம் பிரசவம் இருக்கும் என்கிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். துர்சுனை அனுப்பிவை. அப்பா இறந்தபோது அவன் ஆட்சியில் பங்கு கேட்டான், நான் தரவில்லை. கோபித்துக்கொண்டு நாற்பது கூடாரங்களைக் கிளப்பிக்கொண்டு உன் வாசலில் வந்து விழுந்தான். இரண்டு வருடம் போய்விட்டது. தம்பி என்றால் சண்டை போடத்தான் செய்வான். எனக்கு இப்போது அவன் மேல் எந்தக் கோபமும் இல்லை. மேல்மேய்ச்சல் நிலம் முழுவதையும் அவனுக்கே தருகிறேன். புல் முளைப்பதற்குள் வந்துவிடட்டும்.

குளிரில் எனக்குக் கொஞ்சம் இருமல் இருந்தது. இப்போது இல்லை. எல்லோருக்கும் என் சலாம்.

சுங்குர்

---

கராசாஸ் கோட்டை,
ஷஅபான் மாதம், தொடக்கம்.

அண்ணனுக்கு ஆயிரம் சலாம். இங்கே நாங்கள் சுகம். உன் சுகமும் அண்ணியின் சுகமும் அறிய ஆவல். ஊருக்கு நீ அமீர். எனக்கு நீ, என் பொம்மையைக் கிணற்றில் போட்டுவிட்டுத் துர்சுன் மேல் பழியைப் போட்ட சுங்குர்தான். அதனால் நீ என்றே எழுதுகிறேன், கோபிக்காதே.

அத்தி வந்தது. ஒளித்துவைக்கவும் செய்தேன். ஆனால் உன் கடிதத்தை ஒளிக்க முடியாது. இந்த வீட்டுக்கு வரும் கடிதம் எதுவும் முதலில் என் வீட்டுக்காரரின் எழுத்தர் கைக்குத்தான் போகும், பிறகுதான் எனக்கு. மங்கோலியர் போனபின் ஆளுக்கொரு மலையைப் பிடித்துக்கொண்டு அமீராகிவிட்ட நம் மாதிரிக் குடும்பங்களில் இது சகஜம்தானே.

அண்ணி உண்டாகியிருக்கிறாள் என்று படித்ததும் எழுந்து நின்று அழுதேன். அதற்கடுத்த வரியிலேயே துர்சுனை அனுப்பு என்று இருந்தது. மகன் பிறக்கப்போகிற வீட்டில் தம்பிக்கு என்ன வேலை அண்ணா?

அப்பாவும் குர்ஆன் மேல் கை வைத்துத்தான் இல்யாஸ் சித்தப்பாவை விருந்துக்கு அழைத்தார். ஆட்டுக்கறி போட்டார், தன் கையாலேயே எலும்பை உடைத்து மஜ்ஜையைக் கொடுத்தார். அமீர் வீட்டு ரத்தம் மண்ணில் சிந்தக் கூடாது என்பது நம் முறை, அதனால் கழுத்தில் வில்லின் நாண். நாம் இருவரும் திரைக்குப் பின்னால் இருந்தோம். நீ என் கையை இறுக்கிய இறுக்கில் நகம் பதிந்து ரத்தம் வந்தது.

துர்சுனிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

"அக்கா, அவனுக்கு வாய்தான் நீளம், மனசு வெண்ணெய். நாளைக்கே கிளம்பறேன்."

"பேசாம உக்காருடா. உன் கழுத்து உனக்குப் பாரமா இருக்கா?"

அவன் குதிரை நொண்டுகிறது, இப்போது வர முடியாது. அப்படியே வைத்துக்கொள்.

அய்பிகே

---

அக்பெல் கோட்டை,
ஷஅபான் மாதம், கடைசி வெள்ளி.

அய்பிகேவுக்கு சலாம். சுகம்தானே? இங்கே சுகம்.

உன் கடிதத்தைப் படித்தேன். இரண்டு நாள் பதில் எழுத மனம் வரவில்லை. அப்பா செய்ததற்கு நான் பழியா? அந்தத் திரைக்குப் பின்னால் உன் கையைப் பிடித்திருந்தவன்தானே நான். அன்று முழுக்க வாந்தி எடுத்தேனே, அது உனக்கு ஞாபகம் வரவில்லையா?

சத்தியம் செய்தால் நம்பமாட்டாய், ஆகவே செய்யவில்லை. வேறொன்று சொல்கிறேன். நீயும் அவனோடு வா. அவன் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், உன் தட்டிலேயே சாப்பிடட்டும். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போ. சொல்ல எவ்வளவோ இருக்கிறது. கடிதத்தில் எழுதக்கூடியதில்லை, நேரில்தான் சொல்ல வேண்டும்.

இந்த வருடம் நான் வேட்டைக்குப் போகவில்லை. ராஜாளிகளைப் படைத்தலைவனிடம் கொடுத்துவிட்டேன். ஆட்சி வேலை அதிகம். மாப்பிள்ளையிடம் சொல், வடக்கு மதிலைப் புதிதாகக் கட்டிவிட்டோம். களஞ்சியம் நிறைந்திருக்கிறது, ஆட்களுக்கும் குறைவில்லை.

நோன்பு வருகிறது. உடம்பைப் பார்த்துக்கொள். துர்சுனை அனுப்பிவை.

சுங்குர்

---

கராசாஸ் கோட்டை,
ரமலான் மாதம், இரண்டாம் வாரம்.

அண்ணனுக்கு சலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறதா? அண்ணியை நோன்பு இருக்க விடாதே. நாங்கள் சுகம்.

அக்பெல்லுக்குப் போய்வரட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "பெருநாள் கழியட்டும், பார்ப்போம்" என்றார். அவர் பார்ப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம். நான் வருவதற்கில்லை.

வாந்தி எடுத்தது ஞாபகம் இருக்கிறது. அதை நினைத்து நானும் அழுதேன். ஆனால் அது ஒன்பது வயதுச் சுங்குர். எனக்கு இப்போதைய அமீர் சுங்குரைத் தெரியாது. உன் கையெழுத்துக்கூட மாறிவிட்டது. எறும்பு மையில் விழுந்து நடந்த மாதிரி இருக்கிறது. வாத்தியார் பார்த்தால் உன் காதைத் திருகியிருப்பார்.

இத்ரீஸை உட்காரவைத்து விசாரித்தேன்.

"எங்க அண்ணன் எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்காருங்கம்மா. வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் குதிரையிலதான் போறாரு."

"நீ பாத்தியா?"

"பாக்காம? செகப்பு மேலங்கி, பெரிய தலப்பாகை. சுத்தி நெறைய காவலு, எட்ட நின்னுதான் பாக்க முடியுது. முன்னெல்லாம் என்னைக் கண்டா, 'டேய், உன் கழுதை உன்னவிட வெவரம்டா'ன்னு ஒரு திட்டு திட்டுவாரு. இப்பத் திட்டறதில்லம்மா. பெரிய மனுசனாயிட்டாரு."

துர்சுன் பக்கத்தில் இருந்தான். அதைக் கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

யாரையும் கிட்டே விடாமல் காவல் போட்டுக்கொண்டு, பேச்சையும் குறைத்துக்கொண்டு, தம்பியை மட்டும் வா வா என்கிறாய். நான் என்ன நினைக்கட்டும் அண்ணா?

அய்பிகே

---

அக்பெல் கோட்டை,
ரமலான் மாதம், இறுதி.

மதிப்பிற்குரிய தங்கைக்கு சலாம். அனைவரும் சுகம். குதிரை இடறியதில் மணிக்கட்டு பிசகிவிட்டது, அதனால் நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதுகிறார். வேறொன்றும் இல்லை.

இதுவரை யாரும் செய்யாததைச் செய்கிறேன். வெள்ளிக்கிழமைத் தொழுகை மேடையில் அமீரின் பெயரைச் சொல்லி இறைவனிடம் துஆக் கேட்கும்போது, என் பெயருக்குப் பின் துர்சுன் பெயரையும் சொல்ல வைக்கிறேன். அவன் வந்த அன்றே. மொத்த ஊரும் கேட்கட்டும். ஊரே கேட்டபின் அவனை யாரால் என்ன செய்ய முடியும்?

பெருநாளுக்குள் வரட்டும். அதற்கு மேல் தாமதிக்க வேண்டாம்.

அய்பிகே, நீ எழுதியது சரிதான், உன் பொம்மையைக் கிணற்றில் போட்டது நான்தான். துர்சுன் இல்லை. இதை எழுதச் சொன்னதும் எழுத்தர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

சுங்குர்

---

கராசாஸ் கோட்டை,
ஷவ்வால் மாதம், தொடக்கம்.

அண்ணனுக்குப் பெருநாள் வாழ்த்து. மணிக்கட்டு எப்படி இருக்கிறது? அண்ணி சுகமா?

நேராகவே எழுதுகிறேன். நீ இவ்வளவு இறங்கி வருகிற ஆள் இல்லை. மேல்மேய்ச்சல் தருகிறேன் என்றாய், நம்ப முயன்றேன். மேடையில் பெயரைச் சொல்லவைக்கிறேன் என்கிறாய், இனி நம்ப மாட்டேன். உயிரோடு இருக்கும் எந்த அமீரும் தன் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரை வைத்ததில்லை. சித்தப்பாவுக்குக்கூட அப்பா இவ்வளவு தருவதாகச் சொல்லவில்லை.

பெருநாள் தொழுகைக்குக் கிளம்பிய துர்சுன் பாதி வழியில் குதிரையைக் கணவாய்ப் பக்கம் திருப்பிவிட்டான். ஆள் விட்டுப் பிடித்துவரச் செய்தேன். என் வீட்டுக்காரரிடம் நானே போய்க் கேட்டேன், தெற்குக் கோபுரத்து அறையில் அவனை வைத்துக் காவல் போட்டிருக்கிறோம். அவர் உப்பையும் ரொட்டியையும் தொட்டு, உன் தம்பி என் விருந்தாளி என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

நான் உயிரோடு இருக்கும்வரை துர்சுனை அனுப்பமாட்டேன். இதற்காக நீ என்னை வெறுத்தாலும் சரி.

அய்பிகே

---

கராசாஸ், தெற்குக் கோபுரம்,
ஷவ்வால் மாதம்.

அண்ணா, சலாம். நீ சுகமா என்று மரியாதைக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

நான் சிறையில் இருக்கிறேன். சிறைவைத்தது அக்கா. மூன்று வேளையும் தயிரும் ரொட்டியும் அவளே கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து அழுகிறாள். இப்படி ஒரு சிறைக்காவலரை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். லாயக்காரன் ஒருவன் இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்கிறேன் என்கிறான், அதனால் யாருக்கும் பயப்படாமல் எழுதுகிறேன்.

உன்னை இத்ரீஸ் பார்த்தானாம், நீ திட்டவில்லையாம். அதைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. நீ திட்டாமல் இருந்தால் உன்னால் பேச முடியவில்லை, இல்லை அந்தக் குதிரை மேல் இருந்தது நீயே இல்லை. உனக்கு உடம்புக்கு முடியவில்லை, இல்லையா? ரொம்பவும் முடியவில்லை. அதை எழுதினால் மச்சான் மறுநாளே படையோடு வந்து நிற்பார் என்றுதான் மதில், களஞ்சியம் என்று அளக்கிறாய். அக்காவிடம் சொன்னேன். "அவன் உன்னை மயக்கி வெச்சிருக்கான்டா" என்று அழுகிறாள்.

எனக்கு மேல்மேய்ச்சலும் வேண்டாம், மேடையும் வேண்டாம். எப்படியாவது வந்துவிடுகிறேன். என்னை ஒரு தடவை வாய் நிறையத் திட்டு, போதும்.

உன் துர்சுன்

---

அக்பெல் கோட்டை,
துல்கஅதா மாதம், நடு.

அமீர் பலபானின் ஹாத்தூன், என் நாத்தனார் அய்பிகேவுக்கு தெவ்லத் எழுதுவது. உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் துஆச் செய்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் அண்ணனும் சுகம்.

கடிதம் வரவில்லையே என்று நீங்கள் மனம் வருந்தக் கூடாது. அவருக்கு வேலை அதிகம், இனி நான்தான் எழுதுவேன். எனக்கு மாதம் நெருங்குகிறது, கால்கள் வீங்கியிருக்கின்றன. பிரசவ நேரத்தில் வீட்டில் ஓர் ஆண் துணை இருந்தால் நன்றாக இருக்கும். துர்சுனை அனுப்பிவையுங்கள்.

உங்கள் மேல் அவருக்குக் கடைசிவரை கோபமே இல்லை.

தெவ்லத்

---

கராசாஸ் கோட்டை,
துல்கஅதா மாதம், இறுதி.

அன்பு அண்ணிக்கு சலாம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? கால் வீக்கத்துக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கால் வையுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். மூன்று தடவை படித்தேன். வீட்டில் ஆண் துணை வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் முட்டாள் அண்ணி. வேறெதையும் இங்கே எழுத முடியாது.

துர்சுன் வருவான். அவன் குதிரைக்கு லாடம் அடிக்கச் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் எல்லைப் பக்கம் படைகளைப் பார்வையிடப் போயிருக்கிறார், வந்ததும் கேட்டு அனுப்பிவிடுவேன். அதுவரை எப்படியாவது பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனிடம் சொல்லுங்கள், நான் எழுதியதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று. நின்று சத்தமாகச் சொல்லுங்கள்.

அய்பிகே

---

இடம் எழுதவில்லை,
துல்ஹஜ் மாதம், இறுதி.

நாத்தனாருக்கு சலாம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

இதை எழுத்தர் கண்ணில் படாமல் உங்கள் கையிலேயே தரச் சொல்லி அனுப்புகிறேன். இனி உங்களிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை, அதனால் எழுதுகிறேன். உங்கள் அண்ணன் நோன்புப் பெருநாளுக்கு மூன்றாம் நாள் இறந்துபோனார். குளிர்காலத்திலிருந்தே இருமினால் ரத்தம் வந்தது. அமீர் இறந்தால், அடுத்தவர் வந்து உட்காரும்வரை வெளியே சொல்லக் கூடாது என்பது நம் வழக்கம். அவர் படுத்திருந்த அறையிலேயே குழி வெட்டினோம், படைத்தலைவரும் நானும் எழுத்தரும் மட்டும். துக்கத்துக்குக் குதிரைகளின் வாலை வெட்டுவோமே, அதையும் செய்யவில்லை. என்னால் அழக்கூட முடியவில்லை, அழுதால் முற்றத்தில் கேட்கும். அமீர் இருக்கிறார் என்று காட்ட வாசலில் தினமும் முரசு அடிக்க வைத்தோம். அவர் படுக்கையில் விழுந்த நாளிலிருந்தே வெள்ளிதோறும் எங்கள் லாயக்காரன் ஒருவன் அவருடைய சிவப்பு மேலங்கியைப் போட்டுக்கொண்டு குதிரையில் போனான். துர்சுன் வந்துவிடுவான், வந்துவிடுவான் என்று இருந்தோம்.

உங்கள் கடைசிக் கடிதம் வந்தபோது அவருடைய அறையில் நின்று அதைச் சத்தமாகப் படித்தேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய அரஃபா நாளன்று உங்கள் கணவர் படையோடு வாசலுக்கு வந்தார். அமீரை மதில் மேல் காட்டச் சொன்னார். லாயக்காரனை ஏற்றி நிறுத்தினோம். அமீர் பலபான் கீழே இருந்து சிரித்துக்கொண்டே கத்தினார்: "மச்சான்! என்னை ஒரு திட்டு திட்டுங்க, அப்படியே திரும்பிப் போயிடறேன்!" அந்தப் பையன் நடுங்கிக்கொண்டு நின்றான். அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அரை நாளில் எங்கள் ஆட்களே கதவைத் திறந்துவிட்டார்கள்.

மேல்மேய்ச்சலில் கூடாரம் போட்டிருக்கும் பெண்கள் என்னைப் பள்ளத்தாக்கு வழியாகக் கொண்டுபோனார்கள். வழியில் மகன் பிறந்தான். அவர் சாடைதான்.

இறப்பதற்கு முதல் நாள் அவரிடம், உங்கள் தங்கை இப்படிச் செய்கிறாளே என்றேன். "அவ அனுப்ப மாட்டா தெவ்லத். அவ எடத்துல நான் இருந்தாலும் அனுப்ப மாட்டேன்" என்றார். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

துர்சுனையாவது எங்களிடம் அனுப்புங்கள். அவன் முகத்தைப் பார்த்தால் இங்குள்ள கூடாரங்கள் எல்லாம் எழுந்து நிற்கும்.

தெவ்லத்

---

கராசாஸ் கோட்டை,
முஹர்ரம் மாதம்.

அண்ணிக்கு சலாம். இதை இத்ரீஸ் கையில் கொடுக்கவில்லை. யார் கொண்டுவருகிறார்கள் என்பதை நான் எழுதமாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள்.

துர்சுன் இல்லை அண்ணி.

அக்பெல் விழுந்த சேதி இங்கே வந்த அன்று சாயங்காலம் அவனுக்குச் சோறு கொண்டுபோனேன். "தூங்கறாரும்மா" என்றார்கள் காவலர்கள். நான் கேட்டு வாங்கிய அதே காவலர்கள். தட்டை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். காலையில் தட்டு அப்படியே இருந்தது. கதவைத் திறக்கச் சொன்னேன். அவன் கழுத்தில் ஒரு கோடு இருந்தது, ரத்தமே இல்லை. நம் வீட்டு முறைப்படிதான் செய்திருக்கிறார்கள். சுங்குர் செய்துவிடுவான் என்று பயந்து அவனை நான் யார் மடியில் பத்திரமாக வைத்தேன், பாருங்கள்.

துர்சுன் அண்ணனுக்கு எழுதிய ஒரு கடிதம் என் கணவரின் பெட்டியில் இருந்தது. லாயக்காரன் அதை நேராக அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். அண்ணன் திட்டுவதில்லை, அவருக்கு உடம்பு முடியவில்லை என்று அதில் துர்சுன் எழுதியிருந்தான். என் தம்பி சரியாகத்தான் கண்டுபிடித்தான். என்னிடமும் சொன்னான். நான்தான் கேட்கவில்லை. படைகளைப் பார்வையிடப் போவதாகச் சொல்லிவிட்டு என் கணவர் போனது அக்பெல்லுக்குத்தான்.

உப்பையும் ரொட்டியையும் தொட்டு வாக்குக் கொடுத்தீர்களே என்று அவரிடம் கேட்டேன்.

"நான் எங்க அவன் மேல கை வெச்சேன்? நான் அக்பெல்லுல இருந்தேன்" என்றார்.

அக்பெல்லை அவர் என் பெயரில்தான் எடுத்திருக்கிறார். அப்பாவின் வாரிசுகளில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான் என்று மேடையில் சொல்லவைத்தார். ஆனால் உங்களுக்கு மகன் பிறந்திருக்கிறான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நேற்று என் முன்னால் தாளையும் மையையும் கொண்டுவந்து வைத்தார்.

"உங்க அண்ணிக்கு எழுது. கைக்குழந்தையோட மலையில என்ன பண்ணுவா பாவம். இங்க வரச்சொல். உன் கையால எழுதினா நம்புவா."

எழுதினேன். எழுதமாட்டேன் என்றால் எழுத்தர் என் கையெழுத்தைப் போட்டு எழுதிவிடுவார், அப்போது உங்களை எச்சரிக்க எனக்கு வழியிருக்காது. நன்றாகவே எழுதினேன். அண்ணனை நினைத்து அழுததாக எழுதினேன், குழந்தைக்குத் தொட்டில் கட்டிவைத்திருப்பதாக எழுதினேன், சத்தியமும் செய்தேன். அழுதது நிஜம், தொட்டிலும் நிஜம். அந்தக் கடிதம் இத்ரீஸோடு உங்களிடம் வரும். அதில் ஒரு சொல்லையும் நம்பாதீர்கள்.

அதன்பின்னும் என் பெயரில் கடிதங்கள் வரும். நான் சாகக் கிடப்பதாக வரும். அவர் இறந்துவிட்டார், நாடு உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று வரும். எதற்கும் வராதீர்கள். ஒருநாள் நானே உங்கள் கூடார வாசலில் வந்து நின்று, அண்ணி என்று அழுதாலும் திறக்காதீர்கள். என் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

உங்களை ஒருநாளும் மறக்கமாட்டேன். குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்க வாய்வரை வருகிறது. எனக்குச் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால், துஆக் கேட்கும்போது என்னையறியாமல் அந்தப் பெயர் வாயில் வந்துவிடும். அடுத்த தொழுகை விரிப்பில் அவர் உட்கார்ந்திருப்பார்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

அய்பிகே